பருவம் பார்த்துத் தொழில் பார்ப்போம்: சேலத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம்தான் பெரும்பாலான வீடுகளில் "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்ற பேச்சே ஆரம்பிக்கிறது. அந்தப் பிள்ளை அதுவரை கிட்ட நின்று பார்த்த தொழில்கள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். டீச்சர், டாக்டர், போலீஸ், பக்கத்து வீட்டு ஐ.டி. அண்ணன். அதற்கு மேல் விரல் மடக்க முடியாது. இத்தனைக்கும் பிள்ளை போகும் பள்ளி பஸ் தினமும் கிழங்கு லாரிக்குப் பின்னால்தான் ஊர்ந்து போகிறது. அக்கா காலில் கிடக்கும் கொலுசு நாலு தெரு தள்ளி இருக்கும் பட்டறையில் செய்தது. தாத்தா குடிக்கும் காபி தலைக்கு மேலே தெரிகிற மலையில் விளைந்தது.

சேலம் மாவட்டத்தில் தொழிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பாதிக்கு மேல் பருவத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவை. மே மாதம் ஏற்காட்டுக்குப் போய்க் காபித் தோட்டத்தைப் பார்த்தால் பச்சை இலையும் கடுகு கடுகாகப் பிஞ்சும்தான் தெரியும். மார்கழியில் போனால் ஒரு தோட்டமே வேலை செய்வதைப் பார்க்கலாம். மழை நாளில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போனால், காய வைக்கும் களம் காலியாகக் கிடக்கும். ஆகையால் "லீவு விட்டாச்சு, எங்கேயாவது போகலாம்" என்று கிளம்புவதைவிட, எந்த மாதம் எந்த வேலை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. அதற்கான வழிமுறைதான் இது.

முதல் படி: காலண்டரில் குறித்து வையுங்கள்

சுவரில் மாட்டுகிற மாதக் காலண்டர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

பங்குனி, சித்திரை: ஏற்காட்டில் காபி பூக்கும் காலம். கோடை மழை ஒரு தடவை நன்றாகப் பெய்தால் அதிலிருந்து பத்து நாளுக்குள் செடி முழுக்க வெள்ளையாகிவிடும். மூன்று நான்கு நாளில் வாடியும் போகும். இதற்குத் தேதி போட முடியாது, மழையைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

சித்திரை, வைகாசி: மாம்பழம். மல்கோவா, சேலம் குண்டு, இமாம்பசந்து எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கும். ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் இந்தச் சமயம்தான்.

ஆனி, ஆடி: மேட்டூர் அணை.

ஆவணி முதல் தீபாவளி வரை: தறி. காலாண்டு விடுமுறை இதற்குள் வருவது வசதி.

கார்த்திகை, மார்கழி: காபிப் பழம் பறிப்பு. அரையாண்டு விடுமுறையோடு சரியாகப் பொருந்தும்.

மார்கழி, தை: பொங்கலுக்கு முன் ஓமலூர், காமலாபுரம் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகள், செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி. மழை விட்டு வெயில் நிலைத்ததும் ஜவ்வரிசி.

பருவம் பார்க்கத் தேவையில்லாதவற்றைக் காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கொலுசுப் பட்டறை, கஞ்சமலை, உழவர் சந்தை, குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, ஏற்காட்டில் 1963 முதல் இருக்கும் ஆர்க்கிட் தோட்டம்.

இரண்டாம் படி: ஒரு பருவத்துக்கு ஒரே தொழில்

ஒரே நாளில் நாலு இடம் போனால் பிள்ளைக்கு ஞாபகம் இருப்பது மதியம் சாப்பிட்ட பிரியாணி மட்டும்தான். ஒரு பருவத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் அதே இடத்துக்கு இரண்டு முறை போங்கள். முதல் முறை எல்லாமே வேடிக்கையாகத் தெரியும். இரண்டாம் முறைதான் கேள்வி பிறக்கும்.

வயதும் முக்கியம். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொட்டு, முகர்ந்து, ருசித்துப் பார்ப்பதே போதும். அதனிடம் போய் சம்பளம், படிப்பு என்று பேச வேண்டாம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எண்ணவும் எடை போடவும் பிடிக்கும், கையில் ஒரு தராசைக் கொடுங்கள். பதிமூன்றுக்கு மேல்தான் பணம், உழைப்பு, எதிர்காலம் எல்லாம் பேச வேண்டிய வயது.

மூன்றாம் படி: அனுமதி கேட்பது

வேலை நடக்கும் இடம் சுற்றுலாத் தலம் இல்லை. தெரிந்தவர் மூலம் முதலில் பேசி, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தால் அவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம். போட்டோ எடுப்பதற்கு முன் வேலை செய்கிறவரிடமே கேட்க வேண்டும், முதலாளி சரி என்றால் மட்டும் போதாது. திரும்பும்போது அங்கே விளைந்ததையோ செய்ததையோ கொஞ்சம் விலை கொடுத்து வாங்கி வாருங்கள். உருக்காலை போன்ற பெரிய இடங்களுக்குக் குடும்பமாகப் போய் வாசலில் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். பள்ளி மூலம் முறையாகக் கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேலையைப் பார்ப்பது வேறு, பிள்ளையிடம் வேலை வாங்குவது வேறு. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைப்பதையும், பதினெட்டு வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைப்பதையும் 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. "ரெண்டு நாள் இங்கேயே விட்டுட்டுப் போங்க, கத்துக்கட்டும்" என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: என்ன கேட்பது

"எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்பதுதான் பிள்ளைகள் வாயில் முதலில் வரும். அதை எடுத்த எடுப்பில் கேட்டால் எதிரே இருப்பவர் சுருங்கிப்போவார். நான் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் கேள்விகள் இவை.

வருஷத்தில் எந்த மாதம் வேலை இருக்காது? அப்போது என்ன செய்வீர்கள்?
இந்த வேலையில் கை பழக ரொம்ப நாள் ஆனது எது?
முன்பு கையால் செய்து, இப்போது மெஷின் செய்வது எது? அந்த மெஷின் கெட்டுப்போனால் யார் வருவார்கள்?
உடம்பில் எங்கே வலிக்கும்?
உங்கள் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்புவீர்களா?

கடைசிக் கேள்வியைப் பெரிய பிள்ளைகள் கேட்கட்டும். அதற்கு வரும் பதிலை மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தோட்டத்தில் ஒரு அக்கா, "எம் புள்ள காபிக்காட்டுக்கு வர வேண்டாம் கண்ணு, ஆனா காபியப் பத்திப் படிச்சுட்டு வந்தா சந்தோஷந்தான்" என்றார். ஒரே தொழிலுக்குள்ளேயே எத்தனை விதமான வேலை இருக்கிறது என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது.

ஐந்தாம் படி: போய்ப் பார்ப்பது

*காபி*

ஏற்காட்டில் காபி 1820-களில் வந்தது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டார். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், குளிர், நிழல் மூன்றும் சேர்ந்த இடம் என்பதால் அரபிகா வகை இங்கே நன்றாக வருகிறது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் பிள்ளையை முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மேலே சில்வர் ஓக், அதன் உடம்பைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, இடையிடையே பலா, ஆரஞ்சு. அதற்குக் கீழேதான் காபி. ஒரே ஏக்கரில் நாலு அடுக்கு விவசாயம். இதை நின்று பார்த்த பிள்ளைக்குத் தோட்டக்கலை என்று ஒரு படிப்பு இருப்பதைத் தனியாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பறிப்புக் காலத்தில் பெண்கள் இடுப்பில் பை கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் போவார்கள். ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும் கலந்து இருக்கும். சிவப்பை மட்டும் எடுத்துப் பச்சையை விட்டுவிட வேண்டும். பிள்ளையை ஒரு கொத்தின் முன்னால் நிறுத்தி, பறிக்காமல், எது இன்றைக்குப் பறிக்க வேண்டியது என்று கண்ணால் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பழத்தைக் கேட்டு வாங்கி இரண்டு விரலால் அழுத்தினால் தோல் பிளந்து, வழவழப்பான இரண்டு கொட்டைகள் துள்ளி வெளியே வரும். மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், தித்திக்கும். காபி கசக்கும் என்று நினைத்திருந்த குழந்தையின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

தோட்டக்காரர் சம்மதித்தால் ஒரு கிலோ பழம் விலைக்கு வாங்கி வந்து வீட்டிலேயே முழு வேலையையும் செய்யலாம். வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தனியே எடுத்துவிடுங்கள், அவை பொக்கு. மூழ்கியதைக் கையால் பிதுக்கித் தோல் நீக்கி, கொட்டையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிடுங்கள். மறுநாள் தேய்த்துக் கழுவினால் வழவழப்பு போய்ச் சொரசொரப்பாக இருக்கும். மாடியில் துணி விரித்துப் பத்து நாள் போலக் காய வையுங்கள், தினமும் கிளறிவிட வேண்டும், சாயங்காலம் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். காய்ந்த பின் மேலே இருக்கும் காகிதம் போன்ற உறையை உரித்துவிட்டு இரும்புச் சட்டியில் வறுக்கலாம், இது மட்டும் பெரியவர்கள் கையால்.

ஒவ்வொரு கட்டத்திலும் எடை போட்டு எழுதினால் கணக்குப் பாடமும் ஆயிற்று. ஒரு கிலோ பழம் கடைசியில் இருநூறு கிராம் கொட்டைகூடத் தேறாது. வறுத்தால் இன்னும் குறையும். கடையில் காபித்தூள் ஏன் அந்த விலை விற்கிறது, பழம் விற்கிறவருக்கு ஏன் அந்த விலை கிடைப்பதில்லை என்ற பேச்சு அங்கிருந்து தானாக வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வணிகவியல் அறிமுகமாக இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

போகிற வழியைப் பற்றி ஒரு வார்த்தை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்து ஏற்றாதீர்கள். மழைக்காலத்தில் அட்டை இருக்கும், காலுறையை பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிடுங்கள். தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. விடிகாலையும் அந்திநேரமும் உள்ளே போக வேண்டாம்.

*ஜவ்வரிசி*

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சேலத்தில் இந்தத் தொழில் 1940-களில் வேர் பிடித்தது. 1981-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பாயசத்தில் மிதக்கும் அந்த மணி மரத்தில் காய்ப்பதாக நினைக்கும் பிள்ளைகள் சேலத்திலேயே இருக்கிறார்கள்.

ஆத்தூர், வாழப்பாடி பக்கம் போகும் ரோட்டில் ஆலைகள் வரிசையாக இருக்கும். வேலை நடக்கும் வரிசையிலேயே கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். லாரியில் வந்த மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக் கழுவி அரைப்பார்கள். அரைத்ததைச் சலித்தால் பால் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம். பால் தொட்டிகளில் தேங்கி நிற்கும், மாவு அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரமான மாவுக் கட்டியை உடைத்துத் தூளாக்கி, தூளி போலக் கட்டிய துணியில் போட்டு ஆட்டுவார்கள். பல ஆலைகளில் இப்போது இதை மெஷின் செய்கிறது. ஆட்ட ஆட்ட ஈர மாவு உருண்டு உருண்டு மணியாகும். அச்சு இல்லை, வெட்டும் கத்தி இல்லை. ஈரப்பதமும் ஆட்டும் வேகமும் சரியாக இருந்தால் போதும். பிள்ளையை அங்கே நிறுத்தி வையுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். மணி உருளும்போது எப்படிப் பெரிதாகிறது என்று யோசிக்க அதற்கு நேரம் வேண்டும். பிறகு சல்லடையில் சலித்து, தேங்காய் எண்ணெய் தடவிய சூடான தட்டில் கொஞ்ச நேரம் வறுத்து, களத்தில் கொட்டிக் காய வைப்பார்கள்.

வீட்டில் இதன் முதல் பாதியைச் செய்துவிடலாம். ஒரு கிலோ மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கித் துருவி, வெள்ளைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து பிழியுங்கள். பால் போல வரும் தண்ணீரை அசைக்காமல் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் பாத்திரத்தின் அடியில் கெட்டியாக மாவு படிந்திருக்கும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மாவைக் காய வைத்து எடை போடுங்கள். கிலோவுக்கு இருநூறு கிராமைத் தொட்டால் நன்றாகப் பிழிந்திருக்கிறீர்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவு கருநீலமாக மாறும். ஆறாம் வகுப்புப் பாடத்தில் படித்தது கண் முன்னால் நடக்கும். அயோடின் பட்டதைக் கொட்டிவிடுங்கள். பச்சைக் கிழங்கையோ பிழிந்த தண்ணீரையோ குழந்தை வாயில் வைக்கக் கூடாது, அதில் சயனைடு வகைச் சேர்மம் உண்டு. கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுச் சாப்பிடுவது அதனால்தான்.

இந்தத் தொழிலோடு ஒட்டிய இன்னொரு இடம் ஏத்தாப்பூரில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். சில வருஷத்துக்கு முன் வெளிநாட்டு மாவுப்பூச்சி ஒன்று மரவள்ளிக் காடுகளைச் சுருட்டி எடுத்தது நினைவிருக்கும். மருந்து அடித்து மாளவில்லை. அந்தப் பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சிறிய குளவி ஒன்றை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து விஞ்ஞானிகள் வரவழைத்து வளர்த்து, 2022-ல் ஏத்தாப்பூரில் வயலில் விட்டார்கள். பூச்சியைப் படிப்பதே ஒரு வேலை, அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அது ஒரு மாவட்டத்து விவசாயத்தையே தாங்கிப் பிடிக்கும் என்பது பூச்சி பிடித்து டப்பாவில் போடும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

*தறி*

அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். விசைத்தறி பெரும்பாலும் இருக்கும். நீங்கள் தேடிப் போக வேண்டியது கைத்தறி. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் போனால் தறி ஓயாமல் ஓடும், அதே சமயம் அவர்களுக்கு நேரமும் இருக்காது. அதனால் ஆவணியிலேயே போய்விடுவது உத்தமம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போனால் வேறொரு பாடம் கிடைக்கும். நூல் ஈரம் இழுக்கும், தெருவில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்ட முடியாது, குழித்தறியின் குழிக்குள் தண்ணீர் ஊறும். வேலை நின்றால் கூலி நிற்கும்.

பிள்ளைகள் பார்க்க வேண்டியது கைக்கும் காலுக்கும் உள்ள ஒத்திசைவை. கால் மிதியை அமுக்கினால் பாவு நூல் இரண்டாகப் பிரிகிறது, கை கயிற்றை இழுத்தால் குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா அதற்குள் பாய்கிறது, பலகை வந்து அந்தக் குறுக்கு நூலை, அதாவது ஊடையை, நெருக்குகிறது. கொஞ்ச நேரம் தாளத்தைக் கவனித்துவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை நாடா ஓடுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு அங்குலத் துணியில் எத்தனை ஊடை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணலாம். இரண்டையும் வைத்து ஒரு வேட்டிக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டால், நடுவில் அறுந்த நூலைக் கட்டும் நேரத்தைச் சேர்க்காமல் விட்டது தெரியவரும். வீட்டுக்கு வந்து அட்டையில் வெட்டுப் போட்டு உல்லன் நூலில் கைக்குட்டை அளவு நெய்து பார்க்கட்டும்.

*மேட்டூர்*

1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஒரு விளையாட்டு விளையாடலாம். தண்ணீர் போதுமான அளவு இருந்தால் குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அன்று முதல் பேப்பரில் வரும் நீர்மட்டத்தைப் பிள்ளை கிராஃப் தாளில் குறித்துக்கொண்டே வரட்டும். கோடு எப்போது ஏறுகிறது, கர்நாடகத்தில் மழை பெய்து எத்தனை நாளில் ஏறுகிறது, எப்போது சரிகிறது எல்லாம் அதிலேயே தெரியும். ஆடியில் அணை நிரம்பினால் பதினாறு கண் மதகைப் போய்ப் பாருங்கள். மட்டம் ரொம்பவும் இறங்கினால் பண்ணவாடிக்குப் போங்கள். நீருக்குள் இருந்த பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணை கட்டும்போது இடம் பெயர்ந்த ஊர்களைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

*கல்லும் மண்ணும்*

சேலத்துப் பாறை ஒரு பெரிய பாடப் புத்தகம். கஞ்சமலையில் இருக்கும் இரும்புத் தாது காந்தத்தில் ஒட்டும் ரகம். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு, சித்தர்கோவில் பக்கம் ஓடை மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் தூள் மீசை போல ஒட்டிக்கொள்ளும். பையைத் திருப்பினால் தூள் சுலபமாக உதிரும், காந்தத்தில் நேராக ஒட்டினால் எடுக்கவே முடியாது. இந்த மலையடிவாரத்தில்தான் உருக்காலை இருக்கிறது. நாணயம் அச்சடிப்பதற்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வில்லைகளைக்கூட அங்கே செய்திருக்கிறார்கள்.

ரயிலில் ஓமலூர்ப் பக்கம் போனால் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ஸ்டேஷன் வரும். சுற்றிலும் தெரியும் வெள்ளைக்கல் சுண்ணாம்புக்கல் போல இருக்கும், ஆனால் இல்லை. வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், மேக்னசைட் சும்மா இருக்கும். இதைச் சுட்டுச் செய்த செங்கல்தான் உருக்கு உலைகளின் உள்சுவராகிறது. உருக்கு உருகும் சூட்டில் அது உருகாது. சுரங்கத்துக்குள் நுழையக் கூடாது, வழியில் கிடக்கும் சிறு கல் போதும்.

*கொலுசு, மாம்பழம்*

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைகள் உண்டு. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுத்து, கண்ணி கண்ணியாகக் கோத்து, பற்றவைத்து, சலங்கை சேர்த்து, மெருகு போடுவது வரை ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆள் செய்யும் வேலை. அமிலமும் நெருப்பும் இருக்கும் இடம். சின்னப் பிள்ளைகளை வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

மாம்பழத்துக்கு ஒரே ஒரு சோதனை. பழுக்காத மாங்காய் இரண்டு வாங்கி, ஒன்றை நன்கு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் கட்டி வையுங்கள், இன்னொன்றைத் திறந்த இடத்தில் வையுங்கள். பையில் இருப்பது முந்திப் பழுக்கும், வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது ஏன் தடை செய்யப்பட்டது, அதைப் பிடிக்க வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்ன படித்தவர் என்று பேச்சு தொடரட்டும்.

ஆறாம் படி: ஒரு நோட்டு

கோடு போடாத பெரிய நோட்டு ஒன்று. ஒவ்வொரு தொழிலுக்கும் நாலு பக்கம். முதல் பக்கத்தில் படம், பிள்ளை கையால் வரைந்தது. இரண்டாவதில் எடை, நேரம், விலை. மூன்றாவதில் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும். நாலாவது பக்கத்தில் அந்த ஒரு பொருளுக்குப் பின்னால் இருக்கும் வேலைகளை எல்லாம் எழுத வேண்டும். ஜவ்வரிசி என்றால் விவசாயி, பூச்சி ஆராய்ச்சியாளர், லாரி ஓட்டுநர், மெஷின் மெக்கானிக், மாவில் கலப்படம் பார்க்கும் ஆய்வகக்காரர், கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பொறியாளர், கணக்கர், ஏற்றுமதி செய்பவர். இந்தப் பக்கத்தை ஒரே நாளில் நிரப்பச் சொல்லாதீர்கள். சாப்பிடும்போது யாருக்காவது தோன்றினால் எழுதட்டும்.

நோட்டில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுத முழு உரிமை உண்டு. எஸ்டேட்டில் கால் முழுக்கச் சேறு, போர் என்று எழுதினால் திருத்த வேண்டாம். அதுவும் ஒரு முடிவுதான், பதினெட்டு வயதில் காலேஜ் சேர்ந்த பிறகு எடுப்பதைவிடப் பன்னிரண்டு வயதில் எடுப்பது நல்லது. அப்பா அம்மாவின் வேலைக்கும் அந்த நோட்டில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். நீங்கள் மளிகைக் கடை வைத்திருந்தாலும் சரி, வங்கியில் இருந்தாலும் சரி, அதே கேள்விகளைப் பிள்ளை உங்களிடம் கேட்கட்டும், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

ஏழாம் படி: படிப்போடு முடிச்சுப் போடுவது

ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் நோட்டைத் திரும்பப் புரட்டுங்கள். எந்தப் பக்கம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே பிள்ளையின் நாட்டம் பிடிபடும்.

மெஷினைச் சுற்றியே எழுதியிருந்தால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டையும் முதலில் பாருங்கள். ஐ.டி.ஐ.யில் எட்டாவது முடித்தவர்களுக்கும் பிரிவுகள் உண்டு. பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக் மூன்று வருஷம். ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் வருஷத்திலும் சேரலாம். "பாலிடெக்னிக்கா?" என்று உறவினர்கள் முகம் சுளித்தால் அதைப் பிள்ளையின் காதில் விழவிடாதீர்கள்.

தறி பிடித்திருந்தால் வேறு ஊருக்கே போக வேண்டாம். மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960 முதல் சேலத்திலேயே இருக்கிறது, பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருஷ டிப்ளமோ உண்டு. செடி, மண், பூச்சி என்று எழுதியிருந்தால் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்து வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டங்களுக்குப் போகலாம், அவை நாலு வருஷம். விண்ணப்பிக்கும் முன் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். கல்லும் காந்தமும் பிடித்த பிள்ளைக்குப் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே நிலவியல் துறை இருக்கிறது. இப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்கும் தெரியாது.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியிலேயே வழிகாட்டுதல் கிடைக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியரைப் பாருங்கள், வெறுங்கையோடு போய் "என்ன படிக்கலாம் சார்?" என்று கேட்பதைவிடப் பேச்சு நன்றாக நடக்கும். தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு ஒரு தடவை பிள்ளையோடு போங்கள். முகப்புக் கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்துத் திரும்பி வந்துவிடாமல், ஒர்க்‌ஷாப்பையோ ஆய்வகத்தையோ காட்டச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு அண்ணனிடமோ அக்காவிடமோ பிள்ளை தனியாகப் பத்து நிமிஷம் பேசட்டும், நோட்டில் எழுதிய அதே கேள்விகளோடு. நீங்கள் அந்தப் பத்து நிமிஷம் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருங்கள்.